சட்டக் கல்லூரி நூலகர் வேலைக்கு விண்ணப்பிக்கத் தயங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சட்டப் படிப்பை முடித்து, நூலக அறிவியலிலும் முதுநிலைப் பட்டம் வாங்கிவிட்டாய். சட்டக் கல்லூரி நூலகர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், "கறுப்புக் கோட்டுப் போட வேண்டியவள் புத்தகம் அடுக்கப் போகிறாளா?" என்று ஏற்காட்டில் உன் சித்தப்பா கேட்பதாக எழுதியிருக்கிறாய். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும், சேலத்தில் அதே வேலையைப் பார்க்கிறவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்: விண்ணப்பம் போடு.

சட்டக் கல்லூரியில் நூலகர் என்பவர் ஆசிரியர். மற்ற ஆசிரியர்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று கற்பிக்கிறார்கள். அது இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறதா என்று தேடிப் பார்க்கக் கற்பிப்பது நம் பொறுப்பு. இந்தப் பழக்கம் கல்லூரியிலேயே வராத மாணவன், வழக்கறிஞரான பிறகு, தன்னை நம்பி வழக்கைத் தரும் கட்சிக்காரருடைய செலவில்தான் அதைக் கற்றுக்கொள்வான்.

என் வகுப்பு எப்படித் தொடங்கும் என்று சொல்கிறேன். இந்தியாவில் எந்த மூலையில் சிவில் நடைமுறைச் சட்டம் படித்தாலும் நம் ஊர்ப் பெயர் காதில் விழும். சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம். சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி 1999லும் 2002லும் நிறைவேறிய சட்டங்கள் 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. அந்த ஆண்டு அக்டோபரில் திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நடைமுறைச் சிக்கல்களை ஆராய நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் குழு அமைந்தது. குழுவின் அறிக்கைகளைப் பரிசீலித்து 2005 ஆகஸ்டில் இரண்டாவது தீர்ப்பு வந்தது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து வரும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும். தீர்ப்பைத் திறந்து படித்தவர்கள் குறைவு. அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

பலகையில் ஒரே கேள்விதான் எழுதுவேன். சம்மன் கிடைத்து 90 நாள் தாண்டிவிட்டது. பிரதிவாதியின் எதிருரையை, அதாவது வழக்குக்கு அவர் எழுத்தில் தரும் பதிலை, நீதிமன்றம் இனி ஏற்கலாமா? எல்லோரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 8, விதி 1: முப்பது நாள், காரணத்தைப் பதிவு செய்து நீட்டித்தால் தொண்ணூறு வரை. "முடியாது" என்று முன்வரிசை உடனே சொல்லிவிடும். சற்று நேரத்தில் பின்வரிசையில் ஒருத்தி எழுந்து 2005 தீர்ப்பைக் காட்டுவாள். அந்த விதி கட்டாயமானதன்று, வழிகாட்டும் தன்மையுடையது, மிகக் கடினமான சூழலில் 90 நாளுக்குப் பிறகும் ஏற்கலாம் என்று அதில் இருக்கிறது. வகுப்பு அதோடு முடிந்துவிட்டதாக நினைக்கும். "இது என்ன வகை வழக்கு?" என்று அப்போதுதான் கேட்பேன். 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ் வரும் வழக்கு என்றால் எல்லை 120 நாள். அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும் என்று எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். வழக்கின் வகை தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

அந்த மணி நேரத்தில் பிள்ளைகளின் முகம் மாறுவதை நீ பார்க்க வேண்டும். ஆத்தூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அவர்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு, உச்ச நீதிமன்றத்தின் நீண்ட ஆங்கில வாக்கியங்களைக் கண்டு மிரண்டு போயிருப்பார்கள். தேடும் முறை கைக்கு வந்தபின் அந்த மிரட்சி குறைகிறது. எத்தனை நீதிபதிகள் அமர்வு, எந்தத் தேதி, பின்னால் வந்த தீர்ப்பு இதை ஏற்றதா, விலக்கியதா, இந்த வழக்குக்கு அது பொருந்தாது என்று வேறுபடுத்தியதா என்று நோட்டில் நாலு வரி எழுதினால் போதும். பக்கத்துக்குப் பக்கம் அகராதி பார்க்கத் தேவையில்லை. எந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தலைக்குறிப்பை மட்டும் படித்து மேற்கோள் காட்டக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். தீர்ப்புத் திரட்டின் பதிப்பாசிரியர் எழுதும் சுருக்கம் அது. நீதிமன்றத்தின் சொல் கீழே, எண்ணிட்ட பத்திகளில் இருக்கிறது. நீயும் இதில் விட்டுக்கொடுக்காதே.

"எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது நூலகர் எதற்கு?" என்று உன் சித்தப்பா மட்டுமல்ல, நேர்காணல் குழுவும் கேட்கும். உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புத் திரட்டை 2023 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மிக நல்ல காரியம். சந்தா கட்ட முடியாத ஜூனியர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் தேடினால் கிடைப்பது தீர்ப்பு. அதன் இன்றைய நிலையை நாம்தான் சரிபார்க்க வேண்டும். அதே 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். திரட்டில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்திருந்தால் அந்த வழக்குகளே இல்லை என்று தெரிந்திருக்கும்.

பழைய புத்தகங்களைக் கழித்துவிடலாமே என்றும் சொல்வார்கள். அசையாதே. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302, இப்போது 103. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். அந்த வழக்குகளும் மேல்முறையீடுகளும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். இரண்டு சட்டங்களும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

நீ மாணவியாக இருந்தபோது செய்த ஒரு காரியத்தை நினைவூட்டுகிறேன். சேர்வராயன் மலையில் உங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர், வன உரிமைக்கான கிராம சபைத் தீர்மானம் செல்லாது என்று யாரோ சொன்னதாக ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தார். கூட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கினர் வர வேண்டும் என்றது அந்தத் தாள். அது 2008ஆம் ஆண்டு விதி. 2012 திருத்தத்தில் அது பாதியாகக் குறைந்ததையும், வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று சேர்ந்ததையும் நீதான் எடுத்து, அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாய். அவர் விரலை வைத்து வரியைத் தொடர்ந்தார். "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது, இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வழி சொன்னாய். விதியை எடுத்துக் காட்டுவது நூலகர் வேலை, வழக்குக்கு யோசனை சொல்வது வழக்கறிஞர் வேலை. யாரும் சொல்லித்தராமலே அந்த எல்லை உனக்குத் தெரிந்திருந்தது. உன்னை இந்த வேலைக்கு நான் இழுப்பதற்குக் காரணமே அந்த நாள்தான்.

அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் சட்டம், நூலகவியல் இரண்டிலும் பட்டம் பெற்றவர்கள் பலர் நூலகர்களாக இருந்து, சட்ட ஆய்வு வகுப்பும் எடுக்கிறார்கள். நமக்கும் அந்த மரபு அந்நியமானதன்று. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்துதான் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வாசகரின் நேரத்தைச் சேமி என்று 1931இல் அவர் வெளியிட்ட விதிக்குள் ஆசிரியரின் மனம் இருக்கிறது.

கஷ்டங்களையும் தெரிந்துகொண்டு வா. நூலகரைத் தேர்வு மேற்பார்வைக்கும் ஆவணச் சரிபார்ப்புக்கும் அனுப்பிவிட்டு, திரட்டுகளைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்த கல்லூரியை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பூட்டைத் திறக்க வைப்பதற்கே ஒரு கல்வியாண்டு போகலாம். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் நூலகத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. முதல்வரிடம் பேசும்போது விதியின் நகலைக் கையில் வைத்துக்கொள்.

நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், கால அட்டவணையில் முதலாண்டு வகுப்புக்கு வாரம் ஒரு மணி நேரம் உன் பெயரில் ஒதுக்குவார்களா என்று கேள். அதை எழுத்தில் வாங்கு. கணினி அறையைவிட நூலகத்துக்குள்ளேயே அந்த வகுப்பு நடப்பது நல்லது. புத்தகமும் திரையும் ஒரே மேசையில் இருக்கும். என் பயிற்சித் தாள்களின் நகல் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மலையிறங்கி வந்தால் வாங்கிக்கொள். சித்தப்பாவையும் அழைத்து வா. அன்று காலை வகுப்பு இருக்கிறது, பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் நூலக அக்கா