பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஐந்து நாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தும் உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். வார்டில் நீங்கள் 'பாப்பா அம்மா', நான் 'தம்பி அம்மா'.

இரண்டாம் நாள் சாயங்காலம், படம் வரைந்துகொண்டிருந்த என் பையனுக்கு வலிப்பு வந்தது. நான் அலறினேன். யாரோ சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். நீங்கள்தான் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தீர்கள். ஸ்பூனோடு போன என் கையைத் தட்டிவிட்டு, "வாயில ஒண்ணும் வைக்காதம்மா, மணியப் பாரு. எந்தக் கை முதல்ல இழுத்துச்சு, அதையும் ஞாபகம் வச்சுக்க" என்றீர்கள்.

ஒரு நிமிடம் ஐம்பது நொடி. கடிகாரத்தைப் பார்த்திராவிட்டால் அரை மணி நேரம் என்று சத்தியம் செய்திருப்பேன். டாக்டர் வந்து கேட்டபோது, முதல் தடவையாக என்னிடம் பதில் இருந்தது. வீட்டில் மூன்று முறை வந்தபோதெல்லாம் அழுகை மட்டும்தான்.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற ஈ.ஈ.ஜி. சோதனைக்கு முந்தின ராத்திரி நினைவிருக்கிறதா? தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல், பன்னிரண்டு மணிவரை அவனைத் தூங்கவிடக் கூடாது என்றார்கள். உங்கள் பாப்பாதான் வராந்தாவில் அவனோடு விளையாடினாள். கறுப்பு டைல்ஸை மிதித்தால் அவுட். இப்போதும் எந்த வராந்தாவிலும் அப்படித்தான் நடக்கிறான்.

அப்போதுதான் நீங்கள் மெல்லக் கேட்டீர்கள்: "உனக்குப் பையன். எனக்குப் பொம்பளப் புள்ள. நாளைக்கு இதச் சொன்னா யாரு கட்டிக்குவா?" நான் பேசாமல் இருந்தேன். காலையில் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டீர்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர்களுக்கு எதிராக இந்து திருமணச் சட்டத்திலேயே ஒரு வரி இருந்திருக்கிறது அக்கா. 1999-ல் அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறியதால் சொந்தக்காரர்கள் வாய் மாறிவிடாது, தெரியும். ஆனாலும் மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள். மறைத்தால் பாப்பா மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட வேண்டியிருக்கும். ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை ஒருநாள் தவறும், தவறினால் வலிப்பு திரும்பலாம். சொன்ன பிறகும் வருகிறவன் வரட்டும்.

தம்பிக்குக் கடைசியாக வந்து எட்டு மாதம் ஆகிறது. காலை ஏழு, இரவு ஏழு, சிரப். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அதை நிறுத்த மூக்கில் அடிக்கச் சொன்ன மிடசோலம் ஸ்பிரே பையிலேயே இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. சாவி வேண்டாம், மணி பாருங்கள் என்று அவன் டீச்சருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

பாப்பா எப்படி இருக்கிறாள் அக்கா?

தம்பி அம்மா