கைலாசபதியைப் பற்றிக் கேட்டிருந்தாய்

அன்புள்ள மகன்,

டிசம்பரில் ஸ்காபரோவில் வைக்கிற, மார்க்சிய இலக்கிய விமர்சகர் கைலாசபதியின் நினைவுக் கூட்டத்தில் உன்னுடைய பெயரையும் போட்டுவிட்டார்கள், பத்து நிமிஷப் பேச்சு ஒன்று எழுதி அனுப்புங்கோ என்று கேட்டிருந்தாய். எழுதித் தரமாட்டேன். பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்காத ரீச்சர் நான். எதைப் பேசலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

1933இல் கோலாலம்பூரில் பிறந்தது, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, கொழும்பு றோயல் கல்லூரி, பேராதனை, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகங்கள், 1974இல் இலங்கைப் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர், 1982 டிசம்பர் 6ஆம் திகதி 49 வயதில் மறைவு. இவ்வளவையும் தலைமை தாங்குகிறவரே வாசித்துவிடுவார், நீ தொடாதே. வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்தில் நான் இருந்து கேட்ட நினைவுப் பேச்சுகள் பலவும் இந்தப் பட்டியலோடும் ‘பேராசான்’, ‘மாமேதை’ என்ற அடைமொழிகளோடும் முடிந்துபோகும். அவர் எழுதின ஒரு வரியைக்கூட யாரும் எடுத்துக்காட்டமாட்டார்கள். அப்புறம் தேநீரும் வடையும்.

நீ தினகரனில் தொடங்கு. 1959இல் அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக வந்தபோது கைலாசபதிக்கு 26 வயது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் தமிழருக்கு எதிரான கலவரம், எல்லாம் நடந்து முடிந்த கையோடு கொழும்பின் நடுவில், லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தில், ஒரு தமிழ்ப் பத்திரிகையை நடத்துவது என்றால் யோசித்துப் பார். 1961 வரை இருந்தார். காலம் கொஞ்சம்தான். அதற்குள் செய்த வேலை பெரிது.

அதற்கு முன்னர் இங்கே வாசகர் கையில் இருந்தது பெரும்பாலும் கல்கியும் ஆனந்த விகடனும் கலைமகளும். அவற்றைக் குறை சொல்லவில்லை, உன் அம்மம்மாவும் கல்கி படித்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினா. ஆனால் இங்கே இருந்து எழுதினவர்களும் தங்கள் கதாநாயகனை மெரினாவில் உலாவவிட்டு, மயிலாப்பூர் பாஷையில் காதலிக்கவைத்தார்கள். இந்த நாட்டுக் கதை இந்த நாட்டு மண்ணில், இங்கே பேசுகிற தமிழில் வரவேண்டும் என்று இடதுசாரி எழுத்தாளர்களின் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் கேட்டது. தேசிய இலக்கியம், மண்வாசனை என்றெல்லாம் அப்போது அடிபட்ட பேச்சு அதுதான். அதைக் கூட்டங்களில் பலரும் முழங்கினார்கள். கைலாசபதி பத்திரிகையில் பக்கம் ஒதுக்கிக் கொடுத்தார். இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ தினகரனில் தொடராக வந்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று அந்தந்த ஊர்க்காரர் தங்கள் பேச்சோடு கதைக்குள் வரத் தொடங்கினார்கள். பண்டிதர்களில் ஒரு பகுதியினர் அதை இழிசனர் இலக்கியம் என்று ஏசினார்கள். இலக்கணச் சண்டை மாதிரித் தெரியும், அடியில் இருந்தது சாதி. ஒடுக்கப்பட்டவர்கள் எழுத வந்ததைத்தான் அவர்களில் பலருக்குப் பொறுக்க முடியவில்லை. இதை மேடையில் பூசி மெழுகாமல் சொல்லு.

பிறகு அவர் பர்மிங்ஹாம் போய், கிரேக்க இலக்கியத்தில் பெரிய அறிஞரான ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்தார். கைலாசபதியின் தோழரும் விமர்சகருமான சிவத்தம்பியும் அதே தொம்சனிடம் படித்தவர்தான். கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் நூலாகியது. சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடும், அயர்லாந்து, வேல்ஸ் நாட்டு வீரப் பாடல்களோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாணர்கள் வாய்மொழியாகப் பாடிவந்த மரபு அது, ஒரே தொடரும் ஒரே வர்ணனையும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான் என்பது அவர் வாதம். எழுதத் தெரிந்த புலவர்கள் பாணர் மரபைப் பின்பற்றிச் செய்தவை அவை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். பரவாயில்லை. ‘உலகத்திலேயே எங்களுடையதுதான் மூத்தது’ என்ற பெருமைப் பேச்சை விட்டு, மற்ற மக்களின் பாட்டோடு சேர்த்து எங்கள் பாட்டைப் படிக்கலாம் என்று காட்டினாரே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தினகரனில் செய்ததும் இதுவும் ஒரே மனுஷனின் வேலை என்பது கொஞ்சம் யோசித்தால் உனக்கே விளங்கும். பாட்டோ கதையோ, அதைப் பாடின சனம் யார், எப்படிச் சீவித்தார்கள் என்று கேட்காமல் அவர் ஒன்றையும் படிக்கவில்லை. அதே 1968இல் வந்த ‘தமிழ் நாவல் இலக்கியம்’ படித்தாலும் இது தெரியும்.

அவரோடு முரண்பட்டவர்களையும் மறக்காதே. எழுத்தாளர் எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) முற்போக்கு அணியை விட்டு வெளியேறி நற்போக்கு என்று தனிக்கொடி பிடித்தார். மு. தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் அந்த அணியைக் கடுமையாகவே விமர்சித்தார். என்னைக் கேட்டால், அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கதை என்ன சொல்கிறது என்பதில் கைலாசபதி வைத்த கவனத்தை, எப்படிச் சொல்கிறது என்பதில் வைக்கவில்லை. தன் கொள்கைக்குள் வராத நல்ல எழுத்தாளர்களை அவர் கண்டும் காணாமல் போனார் என்ற மனத்தாங்கல் இங்கே இன்னும் இருக்கிறது. நினைவுக் கூட்டத்தில் இதைச் சொன்னால் முன்வரிசையில் இரண்டு பேர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒப்பிட்டுப் பார், விமர்சி என்று காலமெல்லாம் எழுதினவருக்குக் கூட்டம் வைத்துவிட்டுத் துதி பாடினால், அவரைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

அவருடைய நூல்கள் பல ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் சும்மா கிடைக்கும். இங்கே கடை கடையாக ஏறித் தேடின காலம் போய்விட்டது. ‘ஒப்பியல் இலக்கியம்’ எடு, ஒரு கட்டுரையையாவது முழுதாக வாசி. உனக்குப் பிடித்த இடத்தில் ஒரு பந்தியைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டு, அதற்கே இரண்டு நிமிஷம் போய்விடும். மிச்சத்தை நீயே எழுதி வட்சப்பில் அனுப்பு, சந்திப் பிழை பார்த்துத் தருகிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மருமகளிடம் மிளகாய்த்தூள் பார்சல் வந்துசேர்ந்ததா என்று கேட்டுச் சொல்லு.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை, கொழும்பு 6