கணக்கை மூடாதே, மச்சான்

பெஸ்தாரி ஜெயா,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. தம்பிக்குப் பெண் பார்க்கும் படலம் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன் வீட்டிலும் நலம்தானே? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ எடுத்த படங்களைப் போடும் இன்ஸ்டாகிராம் கணக்கை மூடப்போகிறாயாம், கிராணி வீட்டுச் சின்னவன் சொன்னான். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு நழுவிவிடுவாய். உன்னைப் பற்றித் தெரியாதா! அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். முழுசாகப் படி.

“பார்க்க ஆளில்லை, அப்புறம் எதற்குப் போட வேண்டும்” என்றாயாம். எனக்குக் கோபம்தான் வந்தது. 2010இல் அந்தச் செயலி வந்தபோது நாம் போட்ட படம் போட்ட வரிசையில் எல்லாருக்கும் தெரிந்தது. 2016இல் அந்த வரிசையை மாற்றினார்கள். 2021 ஜூனில் அதன் தலைவர் ஆடம் மொசெரியே இது இனிமேல் படம் பகிரும் செயலி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வீடியோ பக்கம் போய்விட்டார்கள். பார்ப்பவர் எண்ணிக்கை இறங்கியதற்கு உன் கண்ணையும் கையையும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. துறைமுகத்தில் இரவு ஷிப்டு முடிந்ததும் லாரிக்காரர்கள் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவதை எடுத்துப் போட்டாயே, அந்த வரிசையை ஏன் நிறுத்தினாய்? அதற்குப் பிறகு உன் பக்கம் முழுக்க கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம், சூரிய அஸ்தமனம், நாசி லெமாக். கோபுரத்தை இரவில் எடுத்து வண்ணம் ஏற்றிப் போடுகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அந்தக் கூட்டத்தில் உன்னை யார் தேடி வருவார்கள்? எது ஓடுகிறதோ அதன் பின்னால் ஓடினால், அது நின்றதும் நீயும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நியூயார்க்கில் பிராண்டன் ஸ்டான்டன் என்று ஒருவர். வேலை போன பிறகு, 2010இல், அந்த ஊர்க்காரர்கள் பத்தாயிரம் பேரைப் படமெடுத்து நகர வரைபடத்தில் பதிக்கலாம் என்று கிளம்பினார். போகப் போக எடுத்த ஆளிடம் பேச்சுக் கொடுத்து, அவர் சொன்ன இரண்டு வார்த்தையைப் படத்தின் கீழே போட ஆரம்பித்தார். அதன் பிறகுதான் உலகமே அவர் பக்கம் திரும்பியது. நான் இதை ரொம்ப நாளாகத் தெரிந்து வைத்திருந்தேன். ஆனால் அது என்னவென்று நம் ஊரிலேயே இப்போதுதான் புரிந்தது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்துக் கடைசி வீட்டுப் பாட்டியைத் தெரியும்தானே, நம்மை விளக்குமாற்றோடு துரத்தியவர். போன மாதம் பார்க்கப் போனேன். அடுப்படிப் படிக்கட்டில் ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்குகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். ஒன்றிரண்டின் விளிம்பு உடைந்திருந்தது, அடியில் ஒட்டுப்பால் கறுத்துப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, “மழை வந்தா மங்கக் கவுத்துடணும் தம்பி. மரம் விட்டு எத்தனையோ வருஷமாச்சு, கை கேக்க மாட்டேங்குது” என்றார். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டிலிருந்து விலகி வழிந்துவிடும், மங்கில் தண்ணீர் விழுந்தால் இருக்கிற பாலும் கெட்டுவிடும் என்று விளக்கம் வேறு. அவர் சொன்னதை அப்படியே கீழே எழுதிப் போட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை, மச்சான்.

எண்ணிக்கை ஒன்றும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் வந்தவர்கள் பேசினார்கள்! ரவாங்கிலிருந்து ஒருவர், தன் அம்மா மழை நாளில் பெரட்டுக்கு, அதுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்த் திரும்பி வந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதினார். ஜொகூரிலிருந்து ஒரு பெண், “இந்தப் பெரியம்மா இன்னும் இருக்கிறாரா?” என்று கேட்டார். நான் போனைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். “தீபாவளிக்கு வரச் சொல்லு, கோழிக்குழம்பு வைக்கிறேன்” என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர்களெல்லாம் இப்போது அடுத்த படம் எப்போது என்று கேட்கிறார்கள். இவர்கள்தான் என் ஆட்கள். தோட்டத்தை விட்டுக் கிள்ளான், பூச்சோங் என்று அடுக்குமாடிக்குப் போனவர்கள். ஒவ்வொரு படத்தையும் இவர்களை நினைத்துத்தான் இப்போது போடுகிறேன். வரும் ஒவ்வொரு பதிலுக்கும் நானும் பதில் எழுதுகிறேன், அதில் சோம்பல் கூடாது.

ஒன்று மட்டும். பாட்டியிடம் காட்டாமல் எதையும் போடுவதில்லை. முகம் தெரியும் படம் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் அவ்வளவு அழகாக வந்திருந்தது. “தலை சீவல, வேணாம்” என்றுவிட்டார். போடவில்லை. இன்னும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் போட மாட்டேன்.

நீ உடனே விவியன் மேயரை இழுப்பாய். சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே லட்சத்துக்கும் மேல் படம் எடுத்து, உலகத்துக்குக் காட்டாமலே 2009இல் இறந்துபோனவர். பார்வையாளர் இல்லாமலும் நல்ல படம் எடுக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2007இல் அவர் பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன, யாரோ வாங்கினார்கள், அதனால் நமக்குத் தெரிந்தது. நம் லயத்துப் படங்களை ஏலம் எடுக்க யார் வருவார்கள்? நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். நட்ட ஹென்றி ஃபாக்கோனியர் பெயரை எங்கே தேடினாலும் கிடைக்கும். குலை வெட்டியவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? லயங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அங்கே இருந்தவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. எடுத்ததைப் பூட்டி வைக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்றே தோன்றுகிறது.

அதனால் கணக்கை மூடாதே. கோபுரத்தையெல்லாம் எடுத்துவிட்டு லாரிக்காரர்கள் படங்களைத் தேடி எடு. அவர்களில் யார் இன்னும் துறைமுகத்துக்கு வருகிறார்கள் என்று பார்த்து, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துப் பேசு. எந்த ஊர், வீட்டில் யார், கடைசியாக எப்போது படுக்கையில் தூங்கினார் என்று கேள். போட அனுமதியும் கேள். சொன்னதைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு, எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன்.

அப்புறம், கிராணி வீட்டுச் சின்னவன் கல்யாணத்தில் இரண்டாவது கேமரா உனக்குத்தான், பேசியாகிவிட்டது. சனிக்கிழமையே வந்துவிடு. உன் பழைய 50 எம்எம் லென்சை மறக்காதே, மண்டபத்தில் வெளிச்சம் ரொம்ப மோசம்.

உன்
செல்வம்