பூ ஓவியத்த பெருசா போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல ரேச்சல் ரூய்ஷ் வரைஞ்ச பூ ஓவியம் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோசம், ஆனா தீப்பெட்டி சைசுல போட்டா அதுல என்ன தெரியும்? போன்ல அதே படத்த தேடி எடுத்து பெருசாக்கி பாத்தேன், விட்டு எந்திரிக்கவே மனசு வரல.

நாங்க தோவாளைல பூ கட்டுற குடும்பம். பிச்சி, அரளி, கிரேந்தி எதுவா இருந்தாலும் இதழ் ஓரம் லேசா கருத்திருந்தா போதும், காம்பு தொங்கினா போதும், எடுத்து ஒதுக்கிருவோம், மாலைல அது வரவே கூடாது. இந்தம்மா எதையும் ஒதுக்கல. மேல நல்லா விரிஞ்ச பூ, கீழ தலை தொங்குன ரோசா, இலையில புழு அரிச்ச ஓட்டை, ஓட்டையோட ஓரம் காஞ்சு பழுப்பாகி சுருண்டிருக்கது வரைக்கும் வரைஞ்சிருக்காங்க. பின்னாடி ஒரே இருட்டு, அதனால வெளிர் நிறப் பூவெல்லாம் தானா வெளிச்சம் விடுற மாதிரி முன்னால வருது.

1664ல பிறந்தவங்க, நெதர்லாந்துக்காரங்க. அப்பா டாக்டர், தாவரவியலும் சொல்லிக் குடுத்தவர், அதான் செடியையும் பூச்சியையும் சின்ன வயசுலயே கிட்ட வச்சு பாத்து பழகியிருக்காங்க. பத்து பிள்ளைங்கள பெத்து, 80 வயசு தாண்டியும் பிரஷ்ஷ கீழ வைக்கல. அந்தக் காலத்து பூ ஓவியங்கள்ல இன்னொண்ணு கவனிக்கணும், வசந்தத்துல பூக்குற டுலிப்பும் கோடைல பூக்குற பூவும் ஒரே ஜாடில நிக்கும். ஒவ்வொண்ணையும் அதது பூக்குறப்ப தனித்தனியா பாத்து வரைஞ்சு வச்சுட்டு அப்புறமா சேக்குறது வழக்கம். மார்கழிப் பனியில பிச்சி வரத்து கொறையும், ஓணத்துக்கு கிரேந்தியும் வாடாமல்லியும் குமியும், எல்லாம் ஒரே நாள்ல நல்லதா கைல கிடைக்காதுனு எங்களுக்கு தெரியும், அதனாலயே அந்த பொறுமை எவ்வளவு பெருசுனு புரியுது. சும்மா பூ படம்தானேனு சொல்றவங்க ஒரு இலைய மட்டும் பெருசாக்கி பாக்கட்டும்.

நம்ம பத்மநாபபுரம் அரண்மனைல முகப்பு மண்டபமான பூமுகத்து மச்சுல கூட மரத்துல 90 தினுசு பூ செதுக்கியிருக்கு, போறவங்க பாதிப்பேரு அண்ணாந்து பாக்காமலே உள்ள போயிடுறாங்க. அடுத்து பூ ஓவியம் போடும்போது முழுப்பக்கம், கலர்ல போடுங்க, எதிர்ப்பக்கத்துல இந்த மச்சு போட்டோவையும் சேத்து போட்டீங்கன்னா ரொம்ப நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தோவாளை