வெல்லம் திருடியது நான்தான், அக்கா

அக்கா,

போனை நீ எடுப்பதில்லை. இங்கே எழுதினால் யாராவது உனக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எழுதுகிறேன். வியாழக்கிழமை அம்மாவின் திவசம். வருவதற்கு முன்னால் தெரிந்துகொள்: பழையபேட்டை வீட்டைப் பிரிக்கத் தொடங்கியாயிற்று.

திண்ணைக் கூரையை இறக்கிவிட்டு மெத்தையில், அதுதான் மொட்டை மாடித் தளத்தில், கை வைத்தார்கள். கடப்பாரை லேசில் இறங்கவில்லை. தேக்குக் கட்டைகளுக்கு மேலே மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில், குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது. மெட்ராஸ் டெரஸ் என்றார் இன்ஜினியர். ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். வெல்ல வாசனை வரவில்லை.

மெத்தைக்கு மறுபடி ஜல்லி போட்ட அந்தக் கோடை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள் கணக்கில் அந்தச் சத்தம். மூட்டையிலிருந்து வெல்லக் கட்டியை டவுசர் பை நிறைய அள்ளியது நான். அப்பாவிடம் அறை வாங்கியது நீ. திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாய், அழவில்லை. கன்னம் உப்பியிருந்தது. அடியால் வீங்கிவிட்டது என்று நான் பயந்தேன். வாய்க்குள் வெல்லம்!

அப்புறம் எப்போது ஒழுகினாலும், “நீ தின்ன வெல்லம்டா” என்பாய்.

வெல்லம் இல்லை, அக்கா. உன் கல்யாணத்துக்கு அப்புறம் மேலே சிமெண்ட் பூசச் சொன்னது நான். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. விரிசலில் இறங்கிய தண்ணீர் உள்ளேயே தங்கி, சுவருக்குள் இருந்த கட்டை முனைகள் மக்கிவிட்டன. என் தப்புதான். ஆனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை அப்போது எங்கே தேடுவது, கூலிக்கு எங்கே போவது? உன்னிடம் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. மாமா வீட்டார் படிப்பார்கள்.

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்து, பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்திப் படம் எடுப்பாய். “ஏசியே வேண்டாம், பாரேன்” என்பாய். ஐப்பசி மழையில் ஒரே ராத்திரி நான்கு தடவை அம்மாவின் கட்டிலை நகர்த்தியது நானும் என் பெண்டாட்டியும்.

பழைய பத்திரங்களைப் பார்த்தேன். தாத்தா வாங்கும்போது சேலம் ஜில்லா. 1965-இல் தர்மபுரி மாவட்டமாயிற்று, 2004-இல் கிருஷ்ணகிரி. உட்கார்ந்த இடத்திலேயே மூன்று மாவட்டம் பார்த்த வீடு. உன் கையெழுத்து விஷயத்தை நேரில் பேசலாம்.

கல் தூண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலதுபக்கத்துத் தூணை ஒருவர் விலைபேசி எடுத்துப் போய்விட்டார். நீ கட்டிக்கொண்டு நின்ற இடதுபக்கத்தைக் கொடுக்கவில்லை. மாந்தோப்பில் படுக்க வைத்திருக்கிறேன். வண்டி வாடகை நீ கொடு. உன் வீட்டு லிஃப்டில் ஏறாது, அதையும் நீயே பார்த்துக்கொள்.

தம்பி