மாத்திரையை எண்ணும் முன்பு

எச்.ஐ.வி. சிகிச்சை தரும் டாக்டர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும்,

வணக்கம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று போகும்போதெல்லாம் கேட்கிறீர்கள். நாங்களும் தலையாட்டுகிறோம். இல்லை என்றால் திட்டு விழும் என்பது எங்களுக்குத் தெரியாதா? மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்க்கும் இடங்களில், வரும் வழியிலேயே மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. கணக்கு கச்சிதமாக இருக்கும். ரத்தத்தில் வைரஸ் மட்டும் ஏறியிருக்கும்.

மாத்திரை தவறுவது மறதியால் மட்டும் இல்லை. டப்பாவைக் கையில் எடுத்தாலே கலகலவென்று சத்தம் வரும். கூட இருப்பவர்கள் "என்ன மருந்து அது?" என்று கேட்டுவிடக் கூடாதே என்று லேபிளைச் சுரண்டிவிட்டு, உள்ளே பஞ்சை அடைத்து வைக்கிறோம். சிலர் காகிதத்தில் மடித்து ஒளித்துவைக்கிறார்கள். டப்பாவுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்கும். மருந்தில் ஈரம் படாமல் காப்பது அதுதான் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்? வீட்டில் விருந்தாளிகள் தங்கினால் அன்றைய வேளை தவறும். வேலை ராத்திரிக்கு மாறினால் அந்த வாரமே குழம்பும்.

ஒரு வேளை விட்டதும் "எல்லாம் போச்சு" என்று மொத்தமாக நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகப் போட வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். நாள்கணக்கில் விட்டால் வைரஸ் பெருகி மருந்துக்கு மசியாமல் போகும் என்பதையும் மிரட்டாமல் சொல்லலாம்.

இன்னொன்று. 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முதல் தேர்வாகச் சொல்லும் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை, வெறும் வயிற்றில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது. ஒரு வேளைகூட விடாதவருக்கும் வைரஸ் ஏறலாம். அவரையும் உட்காரவைத்துத் திட்டுவீர்களா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வியை மாற்றிப் பாருங்கள்: "போன மாசம் எந்த வேளை தவறுச்சு? அன்னைக்கு என்ன ஆச்சு?" அப்புறம், வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவில் துணைக்குத் தொற்றாது. அந்த ரிசல்ட் வரும் நாளில் "நார்மல்" என்று தாளை நீட்டி அனுப்பாமல், இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒன்றாகத் தரலாம் என்பதும் அதே நிறுவனத்தின் பரிந்துரைதான். மாதாமாதம் என்ன பொய் சொல்லி லீவு கேட்பது என்ற கவலையாவது எங்களுக்குக் குறையும்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நிற்கும் ஒருவர்