என் மலக்குடல் அறுவைக்கு உழைத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள டாக்டர்களுக்கும், சிஸ்டர்களுக்கும், தியேட்டர் ஊழியர்களுக்கும், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எனக்காக வேலை செய்தவர்களுக்கும் வணக்கம்.

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, மலம் சேர்வதற்காக வயிற்றில் பொருத்தியிருந்த தற்காலிகப் பையை எடுத்து, குடல் ஓரளவு ஒழுங்குக்கு வரட்டும் என்றுதான் இந்த மடலுக்குக் காத்திருந்தேன். வார்டிலிருந்து கிளம்பும்போது கும்பிட்டுவிட்டு வந்ததோடு சரி. யார் என்ன செய்தீர்கள் என்பது அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது. அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெயர்கள் வேண்டாம் என்றீர்கள். அதனால் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறேன்.

முதலில் சர்ஜன் அவர்களுக்கு. என் கட்டி ஆசனவாயிலிருந்து 4 சென்டிமீட்டரில் இருந்தது. அவ்வளவு கீழே என்றால் ஆயுசுக்கும் பைதான் என்று கேள்விப்பட்டு, அந்தப் பயத்தோடு உங்கள் முன் உட்கார்ந்தேன். நீங்கள் ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லவில்லை. தாளில் படம் வரைந்து காட்டினீர்கள். மலத்தை அடக்கும் சுருக்குத்தசையைக் காப்பாற்ற முடியுமா என்பது உள்ளே பார்த்த பிறகே முடிவாகும், இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுங்கள் என்றீர்கள். அந்த நேர்மையால்தான் நானும் என் மனைவியும் தயங்காமல் கையெழுத்துப் போட்டோம்.

இடுப்புக்குழி குறுகலானது, ஆண்களுக்கு இன்னும் குறுகல். அதன் அடியில் போய், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை கிழியாமல் எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் பில் ஹீல்ட் என்ற சர்ஜன் 1982-இல் எழுதி, பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை இது. 1908-இல் மைல்ஸ் என்ற சர்ஜன் வகுத்த அறுவையில் ஆசனவாயையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அங்கிருந்து இங்கே வந்து சேர எத்தனை பேருடைய உழைப்பு தேவைப்பட்டிருக்கும்! அந்த உறையை ஒட்டியே சிறுநீர்ப்பைக்கும் தாம்பத்தியத்துக்கும் உரிய நரம்புகள் ஓடுகின்றன. சிறு துளை வழியே உள்ளே விடும் கேமராவான லேப்ராஸ்கோப் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டும். மணிக்கணக்கில் நின்று ஒவ்வோர் இழையாகப் பிரித்த பொறுமை உங்களுடையது. இன்று எனக்குச் சிறுநீர் சிரமமில்லாமல் போகிறது. மற்றவர்களுக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாமல் இருக்கலாம். நான் தினமும் இதற்காக உங்களை நினைக்கிறேன்.

அடுத்து கதிர்வீச்சுத் துறைக்கு. அறுவைக்கு முன்பு கேபெசிட்டபின் என்ற புற்றுநோய் மாத்திரையோடு ஐந்து வாரம் ரேடியேஷன் கொடுத்ததில் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஆனால் பின்பக்கம், முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்புக்கு அருகே, வெட்டி எடுக்கப்போகும் பகுதியின் ஓரத்துக்கு மிக நெருக்கமாகவே இருந்ததை எம்.ஆர்.ஐ. காட்டியது. அங்கே சில செல்கள் தங்கிவிட்டால் என்ன செய்வது? வெளியிலிருந்து இன்னும் ரேடியேஷன் கொடுத்தால் சிறுகுடலும் சிறுநீர்க்குழாயும் தாங்காது. அதனால்தான் அறுவை மேசையிலேயே கொடுக்கலாம் என்று யோசித்தீர்கள். கட்டியை எடுத்த பிறகு அந்த இடம் கண்ணெதிரே திறந்திருக்கும். குடலையும் சிறுநீர்க்குழாயையும் ஒதுக்கிவிட்டு, சந்தேகமுள்ள இடத்துக்கு மட்டும் ஒரே தவணையில் கொடுத்துவிடலாம். இப்படிக் கொடுக்கும் அளவு பொதுவாக 10 முதல் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரே தடவையில் கொடுப்பதால், தவணை தவணையாகக் கொடுப்பதைவிட அதற்கு இரண்டு மூன்று மடங்கு வீரியம் உண்டாம்.

இதை எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, ஓரம் சந்தேகமாக இருப்பவர்களுக்குத்தான் என்று தெளிவாகச் சொன்னீர்கள். அங்குள்ள நரம்புகளில் அளவு கூடினால் காலில் வலியோ மரத்துப்போவதோ வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. புதிய சிகிச்சை என்றவுடன் அதன் நன்மையை மட்டும் கேட்க ஆசைப்படுகிற மனநிலையில் நான் இருந்தேன். அந்த நேரத்தில் இரண்டு பக்கத்தையும் எடுத்துவைத்ததற்குத் தனியாக ஒரு நன்றி.

லேப்ராஸ்கோபியோடு இதைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. துளைகள் சிறியவை, கதிர்வீச்சுக் குழாய் பெரியது. கட்டியை வெளியே எடுக்க அடிவயிற்றில் போட்ட சிறிய வெட்டு வழியாகவே குழாயை இறக்கி, சரியான கோணத்தில் எலும்பின் மேல் பொருத்தினீர்களாம். அதற்காகப் பெரிதாக வயிற்றைத் திறக்கவில்லை. கருவியின் அளவை முன்கூட்டியே சரிபார்த்து, அங்கேயே கணக்குப் போட்ட மருத்துவ இயற்பியலாளரை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

கதிர் பாயும் அந்தச் சில நிமிடங்கள் தியேட்டரில் யாரும் இருக்கக் கூடாது. எல்லோரும் வெளியேற, மயக்க மருந்து டாக்டர் மட்டும் மானிட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்று ஒரு சிஸ்டர் சொன்னார். டாக்டர், என் மூச்சையும் நாடித்துடிப்பையும் தூரத்திலிருந்தே பிடித்து வைத்திருந்தீர்கள். கேட்டதிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை.

நோய்க்குறியியல் டாக்டருக்கும் நன்றி. மேசையில் நான் கிடக்கும்போதே உறைவெட்டுப் பரிசோதனை, அதாவது திசுவை உறையவைத்து உடனே வெட்டிப் பார்க்கும் சோதனையின் முடிவைச் சொன்னீர்கள். பிறகு முழு அறிக்கையில் வெட்டிய ஓரம் கட்டியிலிருந்து 2 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று எழுதினீர்கள். 1 மில்லிமீட்டர்தான் எல்லைக்கோடு என்று தெரிந்தபோது அந்த 2 எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது!

பை வைத்தவர்களைக் கவனிக்கும் ஸ்டோமா சிஸ்டர், அறுவைக்கு முன்பே என்னை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பைக்கான இடத்தைக் குறித்தீர்கள். பெல்ட் உரசாத இடம் அது. பை கசிந்த ராத்திரியில் முகம் சுளிக்காமல் மாற்றிவிட்டு, "நாளைக்கு நீங்களே செய்வீங்க" என்றீர்கள். செய்தேன். பையை எடுத்த பிறகு அடிக்கடி, அவசர அவசரமாகப் போக வேண்டியிருக்கும் என்று எச்சரித்து, இடுப்புத்தள பயிற்சி சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். இப்போது எவ்வளவோ பரவாயில்லை.

இன்னும் சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ரேடியேஷனை அறுவைக்கு முன்பு கொடுப்பதா, பின்பு கொடுப்பதா என்று ஜெர்மனியில் 800-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். முன்பு கொடுத்தவர்களில் ஐந்து ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது 6 சதவீதம் பேருக்கு, பின்பு கொடுத்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு. எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாமலே அதில் சேரச் சம்மதித்த அந்த நோயாளிகளால்தான் என் சிகிச்சையின் வரிசை அமைந்தது.

வார்டைச் சுத்தம் செய்த அக்காவுக்கும், ஸ்ட்ரெச்சர் தள்ளிய தம்பிக்கும், எல்லா இரவும் நாற்காலியில் தூங்கிய என் மனைவிக்கும் நன்றி.

சிஸ்டர், புதிதாக வருபவர்கள் பையைப் பார்த்துப் பயந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் நோயாளி